ரிங்கைச் சுற்றிப் பார், தம்பி!

தம்பி, முதலில் பிளக்கைப் பிடுங்கு. ரவுட்டர் மெஷினில் கை வைக்கும் முன் அதைச் செய்யாதவன் தச்சன் அல்ல, சூதாடி. பிடுங்கியாயிற்றா? இப்போது டேபிள் நடுவில் பதித்திருக்கும் பிளேட்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, அதன் நடுத் துளையில் உட்கார்ந்திருக்கும் ரிங் பக்கமாக மெல்ல இழு. பிளேட் முடிந்து ரிங் தொடங்கும் கோட்டில் விரல் தட்டுகிறதா?

தட்டினால், இன்று அந்த டேபிளில் ஓடப்போகும் ஒவ்வொரு சட்டமும் அதே இடத்தில் தட்டும். பீடிங்கில் கருகல் விழும். கதவுச் சட்டத்தின் முனையில் பள்ளம் விழும். உள்ளே இருந்து ஒரு குரல் பேசும்: "மயிரிழைதானே! பட்டி வைத்துப் பாலிஷ் அடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?" அந்தக் குரலை இன்றைக்கே பட்டறையை விட்டுத் துரத்து! உன்னை எழவிடாமல் உட்கார வைத்திருப்பது அதுதான்.

விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போகும் ரயில் பாதையில், திண்டிவனத்தைத் தாண்டினால் வருகிறது ஒலக்கூர். "இந்த ஊரில் இருந்துகொண்டு என்ன கிழித்துவிட முடியும்?" என்று அந்த நடைமேடையில் நின்று பெருமூச்சு விடும் தம்பிகளே, தங்கைகளே, உங்களோடுதான் பேச்சு. உங்கள் கேள்விக்கான விடையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லித்தர இந்த ரிங் போதும்.

நொடிக்கு எண்ணூறு வெட்டு

ரவுட்டர் என்று வீட்டுக்கு இணையம் தரும் பெட்டியைச் சொல்லவில்லை. மரத்தில் காடி எடுக்க, விளிம்பை உருட்ட, கதவுப் பலகைக்கு டிசைன் போடத் தச்சர்கள் வைத்திருக்கும் ரவுட்டரைச் சொல்கிறேன். கையில் பிடித்து ஓட்டும் அந்த மெஷினைத் தலைகீழாக ஒரு மேசைக்கு அடியில் தொங்கவிட்டால் ரவுட்டர் டேபிள். மெஷினைத் தாங்குவது மேசையில் காடி எடுத்துப் பதித்த பிளேட். அது அலுமினியமாக இருக்கலாம், ஹைலம் ஷீட்டாகவும் இருக்கலாம். அதன் நடுத் துளை வழியே மரத்தை வெட்டும் பிட் தலை நீட்டும். பெரிய பிட்டுக்குப் பெரிய துளை வேண்டும். சின்ன பிட்டுக்கு அதே துளை ஆபத்து. சிறிய துண்டு மரம் உள்ளே சாய்ந்துவிடும். அதற்காகத்தான் விதவிதமான துளை அளவில், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள ரிங்குகள்.

சின்ன பிட் நிமிடத்துக்கு 24,000 சுற்று வரை சுற்றும். அப்படியென்றால் நொடிக்கு 400. பிட்டில் இரண்டு வெட்டுமுனை இருந்தால் நொடிக்கு 800 வெட்டு. ரிங் விளிம்பில் முட்டி மரம் அரை நொடி தயங்கட்டும், ஒரே இடத்தில் 400 முறை உரசல். அந்தச் சூட்டில் மரம் கருகாமல் என்ன செய்யும்? முட்டியதும் நாம் சும்மா இருக்கிறோமா? இன்னும் வேகமாகத் தள்ளுகிறோம். தடை விட்டதும் மரம் பாய்கிறது, மரத்தோடு கையும் பாய்கிறது. மயிரிழை மேட்டுக்கு விரலை விலையாகக் கொடுக்கலாமா?

"அப்படியானால் ரிங்கைக் கொஞ்சம் தாழ்த்தியே வைத்துவிடுகிறேன்" என்பாய். அங்கேயும் தப்ப முடியாது. மரம் உள்ளே வரும் பக்கத்தில் ரிங் உயர்ந்திருந்தால், மரம் ரிங்கில் முட்டும். வெளியேறும் பக்கத்தில் ரிங் தாழ்ந்திருந்தால், மரத்தின் முனை அந்தப் பள்ளத்தில் இறங்கிப் பிளேட்டின் விளிம்பில் முட்டும். சமமாக இருந்தால்தான் மரம் வழுக்கிக்கொண்டு போகும்.

மனிதனும் அப்படியே. தன்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டு திரிகிறவனும் முட்டுகிறான். "நான் எங்கே, அவர்கள் எங்கே" என்று தன்னைத் தாழ்த்திக்கொள்கிறவனும் முட்டுகிறான். தாழ்வு மனப்பான்மையைப் பணிவு என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டு எத்தனை பேர் வீணாய்ப் போனார்கள்! உன் திறமை எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில் நில். ஒரு மில்லி கூட்டாதே, ஒரு மில்லி குறைக்காதே!

குற்றவாளி யார்?

ரிங் ஓர் இடத்தில் துருத்திக்கொண்டிருக்கிறது. உடனே உப்புத்தாளைத் தேடி ஓடாதே. தப்பு ரிங்கில் இருக்கிறதா, பிளேட்டில் அது உட்காரும் காடியில் இருக்கிறதா? இது தெரியாமல் தேய்ப்பவன் நல்ல ரிங்கைக் கெடுத்துவிட்டுக் கெட்ட காடியைக் காப்பாற்றுகிறான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. மேடு தெரியும் இடத்தில் ரிங் மேல் ஒரு பென்சில் கோடு போடு. நேர் எதிரே பிளேட்டின் மேலும் ஒரு கோடு போடு. ரிங்கைக் கழற்றி, கால் சுற்று திருப்பி மறுபடி உட்கார வை. மூன்று ஸ்குரூ உள்ள ரிங் என்றால் ஒரு துளை தள்ளி மாட்டு. மறுபடி விரலால் தடவு. மேடு ரிங்கில் போட்ட கோட்டோடு கூடவே நகர்ந்துவிட்டதா? குற்றம் ரிங்கினுடையது. ரிங் திரும்பியும் மேடு மட்டும் பிளேட்டில் போட்ட கோட்டருகிலேயே நிற்கிறதா? குற்றம் காடியினுடையது. சந்தேகம் இருந்தால் இன்னொரு கால் சுற்று. பணச் செலவில்லை, படித்த பொறியாளர் தேவையில்லை. ஒரு பென்சிலும் ஒரு விரலும் தீர்ப்புச் சொல்லிவிடும்.

இந்தச் சோதனையை உன் வாழ்க்கை மேல் வைத்துப் பார்த்திருக்கிறாயா?

"எங்கள் ஊர் சரியில்லை." "என் முதலாளி சரியில்லை." "எனக்கு ஆங்கிலம் வராது, அதனால் எல்லோரும் மட்டம் தட்டுகிறார்கள்." சொல்லிக்கொண்டே இருக்கிறாயே, திருப்பிப் பார்த்தாயா? ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போனாய். அங்கேயும் காலையில் தாமதம், அங்கேயும் பாதியில் விட்ட வேலை, அங்கேயும் சண்டை. மேடு உன்னோடு நகர்ந்து வந்திருக்கிறது, தம்பி! அது உன்னுடையது. ஒப்புக்கொள், தேய்த்துச் சரிசெய்.

இன்னொருவன் இருக்கிறான். நண்பர்கள் நடுவில் சிங்கம். தனியாக வேலை எடுத்தால் தங்கம். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சுருங்கிப்போகிறான். அவனிடம் மேடு இல்லை. அந்த இடத்தின் காடியில்தான் கோளாறு. தன்னையே தேய்த்துத் தேய்த்து மெலிந்துபோக வேண்டிய அவசியம் அவனுக்கில்லை. "நான் நேராகத்தான் இருக்கிறேன்" என்று நிமிர்ந்து சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு. திருப்பிப் பார்த்தவனுக்கு மட்டுமே அந்த உரிமை!

நம் திண்டிவனம் வட்டாரத்திலேயே ஒருவரைப் பார். ஓமந்தூர் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் முதல்வர் ஆனார். கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் அந்த ஆண்டில் வந்தன. 1949 ஏப்ரலில் பதவி விட்டு இறங்கினார். பிறகு வடலூருக்குப் போய் வள்ளலார் வழியில் தொண்டு செய்தார். கிராமத்து வயல், கோட்டையின் நாற்காலி, வடலூர் ஆசிரமம் என மூன்று வெவ்வேறு இடங்களில் அவரைப் பொருத்திப் பார்த்தது காலம். எங்கேயும் அவர் கோணவில்லை. ஓமந்தூர் அவருக்குத் தடையாக இருந்ததா? ஒலக்கூர் உனக்கு எப்படித் தடையாக இருக்கும்?

மூன்றாவது சாட்சி

இன்னொரு பொறி இருக்கிறது. ரிங்கும் பிளேட்டும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பிளேட்டே நடுவில் குழிந்திருக்கலாம், ரிங்கும் அதற்கேற்ப வளைந்திருக்கலாம். இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொண்டு உன்னை ஏமாற்றும். விரல் தட்டாது, மரம் மட்டும் கோணலாக வெட்டுப்படும்.

இந்த ஏமாற்றைப் பிடிக்கும் வழியை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த். பள்ளி ஆசிரியரின் மகன். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். இரண்டு இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்துச் சுரண்டிக்கொண்டே போனால், ஒன்று மேடாகவும் மற்றது குழியாகவும் இருந்தபடியே கச்சிதமாகப் பொருந்திவிடக்கூடும். மூன்றாவதாக ஒரு தகட்டைக் கொண்டுவந்து, ஒன்றை இரண்டோடும், இரண்டை மூன்றோடும், மூன்றை ஒன்றோடும் ஒத்துப்பார். மூன்றும் எப்படி மாற்றினாலும் பொருந்த வேண்டுமென்றால், மூன்றும் உண்மையிலேயே சமதளமாக இருந்தே ஆகவேண்டும். மை தடவி ஒத்தி, மேடு தெரியும் இடத்தை மட்டும் சுரண்டி எடுக்கும் இந்த முறையைப் பற்றி அவர் 1840-இல் கிளாஸ்கோவில் அறிஞர்கள் கூடிய சபையில் கட்டுரை வாசித்தார். துல்லிய இயந்திரங்களின் உலகம் அந்தச் சமதளத்தின் மேல்தான் எழுந்து நின்றது.

உன் பட்டறையில் மூன்றாவது சாட்சி ஒரு நல்ல ஸ்டீல் ஸ்கேல். உன் வாழ்க்கையில்? பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டு "நான் அவனுக்குச் சமம்" என்று திருப்திப்படாதே; இரண்டு பேரும் சேர்ந்தே குழிந்திருக்கலாம். உன் முகத்துக்காகப் பேசாத ஓர் அளவுகோலைத் தேடு. அது மேஸ்திரியாக இருக்கலாம், தேர்வாக இருக்கலாம், காசு கொடுத்து வாங்கி, கோணலாக இருந்தால் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளராக இருக்கலாம். அந்த அளவுகோலைக் கண்டு பயந்தால் உனக்குத் தன்னம்பிக்கை இல்லை. அதை நீயே கூப்பிட்டு வைத்து அளந்தால், உன்னை யாரால் அசைக்க முடியும்?

இனி வேலையில் கை வை

பேச்சு போதும். வேலையைப் பார்.

முதலில் சுத்தம். காடியின் மூலையில் மரத்தூள் கெட்டியாகப் படிந்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடு. ரிங்கின் அடிவிளிம்பை நகத்தால் சுற்றி வா. பிசிறு இருந்தால் பிளேடால் சீவு. இதிலேயே பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். வாழ்க்கையிலும் நாம் மலை என்று நினைத்ததில் பாதி, சேர்ந்துபோன தூசுதான்!

அடுத்து பிளேட். ரிங்கைத் தொடும் முன் பிளேட்டை மேசையோடு சமன் செய். மெஷின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். அந்தக் கிலோக் கணக்கான எடையில்தான் பிளேட்டின் உண்மை குணம் வெளிப்படும். ஸ்கேலை விளிம்பில் நிமிர்த்தி, மூலைக்கு மூலை குறுக்காக வை. பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடி. ஒளி கசியும் இடம் பள்ளம். மூலைகளில் உள்ள கிரப் ஸ்குரூவை ஆலன் கீயால் திருப்பு. சாதாரண எம்4 ஸ்குரூ ஒரு முழுச் சுற்றுக்கு 0.7 மில்லி ஏறும். அரைக்கால் சுற்று திருப்பினால் 0.09 மில்லிக்கும் குறைவு. தச்சன் கணக்கில் ஒரு நூல் என்பது மூன்று மில்லிக்குக் கொஞ்சம் மேல். இங்கே நீ ஒரு நூலை முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட பங்காகப் பிளந்து ஆள்கிறாய்! அதுவும் சாதாரண ஆலன் கீயை வைத்துக்கொண்டு. உன்னால் நுணுக்க வேலை ஆகாது என்று சொன்னது யார்?

பிறகு ரிங். ஸ்குரூக்களை ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதே. ஒரு பக்கம் இறுகினால் எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, சம அளவில் இறுக்கு.

ரிங் தாழ்ந்திருந்தால் அடியில் பேக்கிங் வை. சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மில்லி கனம். அளவு பார்க்க அது நல்லது, நிரந்தரமாக வைக்க ஆகாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஈரம் குடித்து உப்பிவிடும். அளவு தெரிந்ததும் தாளை எடுத்துவிட்டு, அதே கனத்துக்கு அலுமினிய டேப் ஒட்டு. காடியைச் சுற்றிச் சம இடைவெளியில் மூன்று இடத்தில் ஒட்டினால் ரிங் ஆடாது.

ரிங் உயர்ந்திருந்தால் அடிப்பக்கத்தைத் தேய். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 320 நம்பர் வாட்டர் பேப்பரை விரி. ரிங்கின் அடியில், காடியில் உட்காரும் முகம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கு. நான்கைந்து இழுப்பு இழுத்துவிட்டு, ரிங்கைக் கையில் கொஞ்சம் திருப்பிப் பிடி. பென்சில் கிறுக்கல் எங்கே அழிகிறதோ அங்கே தேய்கிறது என்று பொருள். மாட்டிப் பார், தடவிப் பார், மறுபடி தேய். மேல்முகத்தைத் தேய்த்துச் சமம் காட்டும் குறுக்கு வழி வேண்டாம். கோளாறு அடியில் இருக்கும்போது மேலே மினுக்குவது ஊரை ஏமாற்றும் வேலை. அடுத்த முறை திருப்பி மாட்டியதும் குட்டு உடைந்துவிடும்.

மழைக்காலம் வந்தால் எம்டிஎஃப் மேசை ஈரத்தில் உப்பும், பிளேட்டின் மட்டம் மாறும். மறுபடி ஸ்கேலை வை, மறுபடி அரைக்கால் சுற்று. ஒருமுறை சரிசெய்தது ஆயுசுக்கும் போதும் என்று நினைக்காதே. தன்னம்பிக்கையும் பருவத்துக்குப் பருவம் சரிபார்க்க வேண்டிய சரக்கு.

உன் விரலின் விலை உனக்குத் தெரியுமா?

"டயல் கேஜ் இல்லை, வெளிநாட்டு மெஷின் இல்லை" என்று புலம்புகிறாயா? உன் கையைப் பார். 2013-இல் ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் ராயல் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், மனித விரல் எவ்வளவு நுண்ணிய நெளிவை உணரும் என்று சோதித்தார்கள். சுமார் 13 நானோமீட்டர் உயரமே உள்ள வரிவரியான நெளிவையும் வழுவழுப்பான பரப்பிலிருந்து விரல் பிரித்து அறிந்தது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கிட்டால் அதில் 13 பங்கு! கண் காணாததை உன் விரல் காண்கிறது. இந்தக் கருவியைப் பிறக்கும்போதே கையோடு கொண்டுவந்துவிட்டு, "என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாமா?

விரலுக்குத் தெரிவதை மனம் மதிக்க வேண்டும், அவ்வளவுதான். தட்டுகிறது என்று விரல் சொல்லும்போது, "விடு" என்று மனம் சொல்கிறது. அந்த இடத்தில்தான் ஒருவன் சராசரி ஆகிறான், இன்னொருவன் கைராசிக்காரன் என்று பேர் வாங்குகிறான்.

செய்துவிட்டுச் சொல்

பொறுமையாகப் பொறுக்கி எடுக்கிற வேலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. குடியாத்தம் கொத்து மல்லாட்டையிலிருந்து, அதாவது நிலக்கடலையிலிருந்து, நல்ல செடிகளாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்து, திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய ரகம் டி.எம்.வி. 2. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் விவசாயிகள் தலைமுறை தாண்டி அதை விதைத்தார்கள். நம் பக்கத்து வயலில் காட்டிய கவனம் அடுத்த மாநிலத்துக் களத்தில் மூட்டையாகக் குவிந்தது.

நம் விழுப்புரம் மாவட்டத்தின் மண்டகப்பட்டுக்கு ஒருநாள் போய்வா. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் பாறையைக் குடைந்து எழுப்பிய குகைக் கோயில் அங்கே நிற்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலைச் செய்தேன் என்று அந்த அரசன் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான். அது தற்பெருமையா? இல்லவே இல்லை! பாறையைக் குடைந்து முடித்த பிறகு வெட்டிய எழுத்து அது. சொல்லுக்குச் சாட்சியாகக் கோயில் பின்னாலேயே நிற்கிறது. முன்னால் பேசிவிட்டுப் பின்னால் செய்யாமல் போகிறவனுக்குப் பெயர் வாய்ச்சவடால். செய்துகாட்டிவிட்டு நெஞ்சு நிமிர்த்திச் சொல்வதற்குப் பெயர்தான் தன்னம்பிக்கை.

எனவே, எழு! உன் குறைக்கு ஊர் காரணமா, நீ காரணமா என்று இனி வாய்க்கு வந்ததைச் சொல்லாதே. திருப்பிப் போட்டுச் சோதித்துப் பார். உன்னுடையது என்றால் வெட்கப்படாமல் தேய்த்து எடு. உன்னுடையது இல்லை என்றால் ஒருவருக்கும் தலை குனியாதே. உன்னைப் புகழ்பவனை விட்டுவிட்டு உன்னை அளப்பவனைத் தேடிப் போ. வேலை வெளியே போகும் முன் உன் விரலாலேயே ஒருமுறை தடவிப் பார், தட்டினால் திருப்பி உள்ளே எடுத்துவா. சென்னைக்காரன் கேட்கட்டும், பெங்களூர்க்காரன் கேட்கட்டும், இவ்வளவு சுத்தமான வேலை எங்கே செய்தது என்று. குரலைத் தாழ்த்தாதே, ஊர்ப் பெயரை மறைக்காதே. சத்தமாகச் சொல்: இது ஒலக்கூர் வேலை, செய்தது நான்!